சிலிண்டரின் தோளைத் தடவிப் பாருங்கள்

பாசிக்குடா பக்கம் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கடல் பொதுவாக அடங்கியிருக்கும். சுழியோடிப் பழக வருபவர்களுக்கு முகமூடி, துடுப்பு எல்லாம் சொல்லிக் கொடுக்கிறோம். முதுகில் ஏறும் சிலிண்டரை வாசிக்க மட்டும் பலர் சொல்லிக் கொடுப்பதில்லை.

வால்வுக்குக் கீழே, தோளில் அச்சடித்த எழுத்துகள் இருக்கும். பெயின்ட் மூடியிருந்தால் விரலால் தடவுங்கள். '3ஏஎல்' என்றால் அலுமினியம், '3ஏஏ' என்றால் உருக்கு. பக்கத்தில் 3000 என்றிருந்தால் அது பிஎஸ்ஐ கணக்கில் நிரப்பும் அழுத்தம், ஏறக்குறைய 207 பார். ஐரோப்பிய சிலிண்டரில் 232, 348 என்று இரண்டு எண்கள் தெரியலாம். சின்னதுதான் வேலை அழுத்தம். பெரியது பரிசோதனை அழுத்தம்; அந்த அளவுக்கு ஒருபோதும் நிரப்பக்கூடாது. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

அப்புறம் திகதி. மாதமும் வருடமும் குத்தியிருக்கும். முதலாவது தயாரித்த காலம், பிந்தியவை நீரழுத்தச் சோதனை செய்த காலம். அமெரிக்க முறைப்படி அந்தச் சோதனை 5 வருடத்துக்கு ஒருமுறை. உள்ளே பார்க்கும் சோதனை வருடாவருடம். 1988-க்கு முந்திய அலுமினியம் என்றால் நான் தொடவே மாட்டேன். அக்காலத்து ஒரு உலோகக் கலவையில் கழுத்தில் விரிசல் வந்ததுண்டு.

நைட்ரொக்ஸ், அதாவது ஒட்சிசன் கூட்டிய காற்று, என்ற ஸ்டிக்கர் கண்டால் ஒட்சிசன் வீதத்தை நீங்களே அளந்து பாருங்கள். 'மூழ்கிக் கிடக்கும் ஹேர்மிஸ் கப்பலைக் காட்டுங்கோ' என்று முதல் நாளே கேட்பவர்களும் உண்டு. அது 50 மீற்றருக்கும் கீழே, தம்பி. முதலில் தோளை வாசியுங்கோ.