பால்குடியை எப்போது, எப்படி மறக்கடிப்பது?

குழந்தைக்கு ஒன்றரை வயது தாண்டினால் போதும், "இன்னுமா பால் கொடுக்கறே?" என்று கேட்க வீட்டுக்கு ஒருவர் கிளம்பிவிடுவார். அவருக்காக நிறுத்தாதீர்கள். இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அதே சமயம், ராத்திரித் தூக்கம் போச்சு, உடம்பு தாங்கவில்லை, அலுத்துவிட்டது என்றால் நிறுத்த அதுவே போதுமான காரணம். ஒரு வயது முடியாத குழந்தை என்றால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம், அந்த வயதில் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பசும்பால் ஆகாது.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வீடு மாற்றம், பிளேஸ்கூலில் சேர்த்த வாரம், இந்த நேரங்களைத் தள்ளிவிடுங்கள்.

முதலில் பகலில் சும்மா பொழுதுபோகாமல் கேட்கிற வேளையை எடுங்கள். அந்த நேரத்தில் ஜிப் வைத்த நைட்டி வேண்டாம், வழக்கமாகக் கொடுக்கிற கட்டில் மூலையில் போய் உட்காரவும் வேண்டாம். வெளியே கூட்டிப்போங்கள், கையில் ஒரு வாழைப்பழம் கொடுங்கள். சில நாள் கழித்து அடுத்த வேளை. நீங்களாகக் கூப்பிட்டுக் கொடுக்காமல் இருந்தாலே பாதி வேளைகள் தானாகக் குறையும்.

ராத்திரிப் பால்தான் கஷ்டம், அதைக் கடைசிக்கு வையுங்கள். நெய் விட்ட பருப்புச் சாதம் வயிறு நிறைய, பல் துலக்கல், அப்புறம் அப்பாவோ பாட்டியோ தட்டித் தூங்கவைக்கட்டும், நீங்கள் வேறு அறையில் படுங்கள். நடுராத்திரி எழுந்தால் டம்ளரில் தண்ணீர். சில நாள் அழத்தான் செய்யும், ஆனால் யாராவது தூக்கி வைத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் அழவிட்டுக் கடைசியில் கொடுப்பதற்கு, அன்றைக்குக் கேட்டதுமே கொடுத்துவிட்டு இரண்டு வாரம் தள்ளிப்போடுவது எவ்வளவோ மேல்.

வேப்பிலை அரைத்துத் தடவுவது, குழந்தையை ஒரேயடியாகப் பாட்டி ஊருக்கு அனுப்புவது இரண்டும் எனக்குப் பிடிக்காது. ஊருக்கு அனுப்பினால் அதற்குப் பாலும் இல்லை, அம்மாவும் இல்லை. இங்கே உங்களுக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வரும். சோற்றுக்கற்றாழை தடவவே கூடாது, அதன் மஞ்சள் பால் வயிற்றைக் கலக்கிவிடும்.

மார்பு கனத்தால் வலி அடங்கும் அளவுக்கு மட்டும் பீய்ச்சுங்கள். முழுக்க எடுத்தால் இன்னும் ஊறும். ஈரத்துணி ஒத்தடம் சுகம். மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவதைப் பாட்டி வைத்தியம் என்று சிரிப்பவர்களுக்கு: வேலூர் சிஎம்சியில் அதைப் பால் வற்றும் மாத்திரையோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 1988-ல் கட்டுரையே வந்திருக்கிறது. ஓரிடம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் பூவெல்லாம் உதவாது, அன்றே டாக்டரிடம் போங்கள். மாத்திரையும் அவர் எழுதிக் கொடுத்தால் மட்டும்தான்.

நிறுத்திய பிறகு ஈடுகட்டுவதாக நினைத்து லிட்டர் கணக்கில் பசும்பால் ஊற்றாதீர்கள். ஒரு நாளைக்கு 400, 500 மில்லி தாராளம், அதுவும் பாட்டிலில் இல்லாமல் டம்ளரில். மிஞ்சினால் சோறு இறங்காது, இரும்புச்சத்துக் குறைந்து சோகை வரும்.