ரோட்டரியில் வட்டம் நீண்டுபோனதைச் சரிசெய்த விதம்

வண்ணம் பூசிய எஃகுத் தண்ணீர் பாட்டில்களில் பெயர் பொறிப்பதற்காக, என் டையோடு லேசர் பொறிப்பு இயந்திரத்தில் உருளை வகை ரோட்டரியை (பாட்டிலை உருளைகள் மேல் கிடத்திச் சுழற்றும் கருவியை) இணைத்தேன். முன்பின் நகர்வுக்கான ஒய் அச்சு மோட்டாரின் கேபிளை மின்சாரத்தைத் துண்டித்த பிறகே கழற்றி ரோட்டரியில் செருக வேண்டும். இல்லையெனில் மோட்டாரை இயக்கும் டிரைவர் சுற்று பழுதாகிவிடக்கூடும்.

சோதனைக்காகப் பொறித்த வட்டம், பாட்டிலின் சுற்றுவாக்கில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீண்டிருந்தது. உருளையை நேரடியாகச் சுழற்றும் மோட்டார் 200 படிகளில் ஒரு சுற்று சுற்றும்; ஒவ்வொரு படியையும் 16 நுண்படிகளாகப் பிரிக்கும் அமைப்பில், அதற்கு ஒரு சுற்றுக்கு 3200 துடிப்புகள் (மின் சைகைகள்) தேவை. ஒய் அச்சில் மில்லிமீட்டருக்கு 80 துடிப்புகள் என்றிருந்ததால், 40 மி.மீ. நகர்ந்ததாகக் கட்டுப்பாட்டுப் பலகை கணக்கிட, 20 மி.மீ. விட்டமுள்ள உருளையின் பரப்போ 62.83 மி.மீ. நகர்ந்துகொண்டிருந்தது. 3200-ஐ 62.83-ஆல் வகுத்துக் கிடைத்த 50.93-ஐ பலகையில் இயங்கும் ஜிஆர்பிஎல் மென்பொருளில், ஒய் அச்சின் மில்லிமீட்டருக்கான துடிப்புகளைக் குறிக்கும் $101-இல் இட்டதும் வட்டம் சரியாக விழுந்தது. பாட்டிலின் விட்டம் இக்கணக்கில் வராது என்பது பலருக்கு நம்பக் கடினமாக இருக்கும். உருளையின் பரப்பு எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவுதான் பாட்டிலின் பரப்பும் நகரும். பிடியில் இறுக்கிச் சுழற்றும் சக் வகைக்கு விட்டம் கட்டாயம் வேண்டும்.

எஞ்சிய சிறு பிசிறு, உருளைமேல் பாட்டில் வழுக்கியதால் வந்தது. ஒய் அச்சின் முடுக்கத்தைக் குறிக்கும் $121-ஐக் குறைத்ததும் அது நின்றது. தட்டையான பலகை வேலைக்குத் திரும்பும்போது $101-இல் மீண்டும் 80-ஐ இட வேண்டும். வளைந்த எஃகு, கதிரை எத்திசையிலும் தெறிக்கவிடும் என்பதால், இந்த லேசரின் அலைநீளமான 450 நானோமீட்டருக்கு உரிய பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இவ்வேலையைத் தொடவே கூடாது.