ஹேர் ரிமூவர் க்ரீம்: 'இன்னும் ரெண்டு நிமிஷம்' வேண்டாம்

டியூபில் பத்து நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று போட்டிருக்கும். முடி சரியாக வரவில்லையே என்று இருபது நிமிடம் விட்டுவிடுவார்கள். தோல் வெந்து போகும் கதைகளில் பல இப்படித்தான் தொடங்குகின்றன.

முடியும் சரி, தோலின் மேலடுக்கும் சரி, இரண்டுமே கெரட்டின் என்ற புரதம்தான். முடியில் அந்தப் புரதத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் கந்தகப் பிணைப்புகள் அதிகம். க்ரீமில் உள்ள தயோகிளைகோலேட் அவற்றை அறுக்கிறது. கூடவே இருக்கும் காரம் (அமிலத்துக்கு எதிரான வேதிப்பொருள்) முடியை ஊதவைத்து வேலையை வேகப்படுத்துகிறது. க்ரீமின் பிஎச், அதாவது காரத்தன்மையைக் காட்டும் எண், 12 அளவுக்குப் போகும். குளிக்கிற சோப்பே 9, 10தான். ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளில் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்டு ஆட்டுத்தோலின் முடியை எடுப்பதும் ஏறக்குறைய இதே வேதியியல். என்ன, அங்கே தோலுக்கு வலிக்காது! முடி முதலில் கூழாகும், விட்டுவைத்தால் அடுத்தது தோல்தான். நடுவில் இருப்பது சில நிமிட இடைவெளி மட்டுமே. அதனால் டியூபில் போட்டிருக்கும் குறைந்தபட்ச நேரத்திலேயே ஓரமாகக் கொஞ்சம் வழித்துப் பாருங்கள். வந்தால் கழுவிவிடலாம். எரிந்தால் நேரம் பார்க்காமல் உடனே கழுவுங்கள். "எரிந்தால்தான் வேலை செய்கிறது" என்பது சுத்தப் பொய்.

காலுக்கான க்ரீமை மேலுதட்டில் பூசுவது அடுத்த தவறு. முகத்தோல் மெல்லியது, அதற்கென்று தனியாக விற்கிறார்கள். பருவுக்கு ரெட்டினாய்டு க்ரீம் போடுபவர்கள் முகத்தில் இதைத் தொடவே வேண்டாம். சுடுதண்ணீரில் குளித்த கையோடு, ஷேவ் செய்த கையோடு பூசுவதும் கூடாது. போன தடவை ஒன்றும் ஆகவில்லை என்றாலும், முந்தின நாளே சிறு இடத்தில் பூசிப் பார்த்துவிடுங்கள். அப்புறம், கொலுசைக் கழற்றி வையுங்கள். கந்தகம் பட்டால் வெள்ளி கருத்துப்போகும்.

கழுவ வெறும் தண்ணீர் போதும். அன்றைக்கு டியோடரன்ட், படிகாரம், எலுமிச்சை எதுவும் வேண்டாம். வேர் அப்படியே இருப்பதால் சில நாளில் முடி திரும்ப வரும். அதற்காக மறுநாளே மறுபடி பூசாதீர்கள், மூன்று நாளாவது போகட்டும்.

வெந்துவிட்டால் பேஸ்ட், மஞ்சள் எல்லாம் அப்பாமல் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். கொப்புளம் வந்தாலோ கண்ணில் பட்டாலோ டாக்டரிடம் போங்கள், டியூபையும் கையோடு எடுத்துக்கொண்டு.