விண்வெளியில் எரித்து மின்சாரம் எடுப்பது: கணக்கை வால் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

நான் மாணவர்களுக்குக் கொடுக்கும் தாள் கணக்கு இது. 1983-ல் அமெரிக்க அதிபர் ரீகன் அறிவித்த, ஏவுகணைகளை வழியிலேயே அழிக்கும் விண்வெளிப் பாதுகாப்புத் திட்டத்தின் காலத்துக் கேள்விதான். லேசர் போன்ற ஆயுதத்தோடு சுற்றுப்பாதையில் வருடக்கணக்கில் சும்மா கிடக்கும் ஒரு தளம், கூப்பிட்டதும் 10 மெகாவாட் மின்சாரத்தை 500 விநாடிக்குத் தர வேண்டும்.

பெரும்பாலானவர்கள் எரிகலனை வரைய உட்காருவார்கள். அது அப்புறம். எரிந்த வாயு எங்கே போகும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஏன் என்று கேட்டால், வெற்றிடத்தில் வெப்பத்தைக் கழிப்பதுதான் பெரும்பாடு. எரிபொருளை எரிக்காமலே வேதிவினையால் மின்சாரம் தரும் ஃபியூயல் செல் திறன் மிக்கதுதான். ஆனால் 60 சதவீதத் திறனிலும் சுமார் 7 மெகாவாட் கழிவு வெப்பம் மிஞ்சும். வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியேற்றும் தகடான ரேடியேட்டர் 350 கெல்வினில் இருந்தால் அதற்கு 9,000 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். எரித்து டர்பைனைச் சுற்றினால், வெளியேறும் வாயுவே வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடும்.

சரி, எரிபொருள். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எடையில் சரிபாதி எடுங்கள். முழுதாக எரிய ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 8 கிலோ ஆக்சிஜன் வேண்டும்தான், ஆனால் அந்தச் சூட்டை எந்த டர்பைன் இலையும் தாங்காது. சரிபாதியில் வாயு சுமார் 1,000 கெல்வினில் நிற்கும். அழுத்தம் ஐம்பதில் ஒன்றாகக் குறையும்வரை விரிய விட்டு, டர்பைன், ஜெனரேட்டர் இழப்புகளைக் கழித்தால், கிலோவுக்கு ஏறத்தாழ 3.6 மெகாஜூல் தேறும். மொத்தத் தேவை 5,000 மெகாஜூல். ஆக, 1,400 கிலோ. இதில் ஆக்சிஜன் 700 கிலோ, திரவமாக முக்கால் கன மீட்டருக்குள் அடங்கிவிடும். அதே எடை ஹைட்ரஜனுக்குப் பத்து கன மீட்டர்! தொட்டியைப் பார்த்து மலைக்காதவர் இல்லை. டர்பைனைப் பற்றிக் கவலை வேண்டாம்: அமெரிக்க விண்வெளி ஓடமான ஷட்டிலின் என்ஜினில் ஹைட்ரஜன் பம்பை ஓட்டிய டர்பைன், இதே மாதிரி ஹைட்ரஜன் மிகுந்த வாயுவில், 70,000 குதிரைத்திறன் அளவுக்குக் கொடுத்தது.

இப்போது வால் பக்கம். விநாடிக்கு 2.8 கிலோ வாயு வெளியே பாய்கிறது. வாயு வெளியேறும் கூம்பு வாயான நாசிலைப் பொறுத்து 5 முதல் 8 கிலோநியூட்டன் தள்ளுவிசை வரும். குறி வைக்க வேண்டிய தளம் சுழன்றுவிடும். எனவே குழாயை இரண்டாகப் பிரித்து எதிரெதிர் திசையில் விடுங்கள். 1987 மே 15 அன்று பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து கிளம்பிய சோவியத்தின் லேசர் ஆயுத மாதிரிக் கலமான ஸ்கிஃப்-டிஎம்மில் இப்படி ஒன்றைச் சோதிக்கத்தான் ஏற்பாடு. கலம் சுற்றுப்பாதையை எட்டாமல் பசிபிக்கில் விழுந்தது. டர்பைனின் சுழற்சியும் தளத்தைத் திருப்பும் என்பதால், டர்பைன்களையும் ஜோடியாக, எதிர்த்திசையில் சுழல விடுங்கள். நீராவி ஆயுதத்தின் கண்ணாடியில் உறையும், வாயு சூழ்ந்தால் உயர் மின்னழுத்தக் கம்பிகளில் பொறி தாவும். ஆகவே நாசில் இவற்றுக்கு எட்டாத முனையில் இருக்கட்டும்.

ஒரு சலுகை உண்டு: எரிகலனுக்குப் போகும் வழியில் திரவ ஹைட்ரஜன், மின்சாரத்தைச் செலவழிக்கும் கருவியையே குளிர்வித்துவிட்டுப் போகலாம். நல்ல விடைத்தாள்களில் இது தவறாமல் இருக்கும்.

தவறாமல் விட்டுப்போவது, காத்திருக்கும் காலம். நிரப்பியதில் தினம் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆவியானாலே, மூன்று வருடத்துக்குள் ஹைட்ரஜன் தொட்டி காலி. குளிரூட்டும் இயந்திரம், அதற்கான சூரியத் தகடு, அது கழிக்கும் வெப்பத்துக்குச் சின்ன ரேடியேட்டர், இந்த மூன்றின் எடையையும் 1,400 கிலோவோடு சேர்த்து எழுதிய பிறகு தாளைக் கொடுங்கள்.