கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்கு ஓவியக் கண்காட்சி பார்க்கப் போகிறீர்களா?

திங்கட்கிழமை போகாதீர்கள். அரண்மனைச் சாலையில் உள்ள தேசிய நவீன கலைக்கூடம், கஸ்தூர்பா சாலையில் 2023-இல் திறந்த ‘மேப்’ (MAP) என்னும் கலை, ஒளிப்பட அருங்காட்சியகம் இரண்டுக்கும் அன்று விடுமுறை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் என்றால் விடுமுறை வெள்ளிக்கிழமை. முந்தின நாளே இணையதளத்தையும் பார்த்துவிடுங்கள். ஒரு கண்காட்சியை எடுத்து அடுத்ததை மாட்டும் நாட்களில் கட்டடம் திறந்திருக்கும், நீங்கள் பார்க்க வந்த அறை மட்டும் பூட்டிக் கிடக்கும்.

காலை ஏழு மணிக்குள் பஸ் ஏறுங்கள். பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொள்ளாமல் பொம்மசந்திராவிலேயே இறங்கி மெட்ரோ பிடிப்பது நல்லது. மஞ்சள் தடத்தில் ஆர்.வி. ரோடு, அங்கே பச்சைத் தடம் மாறி மெஜஸ்டிக், பிறகு ஊதாத் தடத்தில் கப்பன் பார்க். அங்கிருந்து மேப்புக்கு நடந்தே போகலாம், கலைக்கூடத்துக்கு ஆட்டோ.

பெரிய பை வேண்டாம், வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். குறிப்பெடுக்கப் பென்சில் கொண்டுபோங்கள். பேனா மை ஓவியத்தில் தெறித்தால் எடுக்க முடியாது என்பதால் பல இடங்களில் பேனாவை விடமாட்டார்கள்.

உள்ளே போனதும் பலர் செய்யும் தவறு, முதல் அறையில் ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று குறிப்பு அட்டை முழுவதையும் படிப்பது. ஒன்றரை மணி நேரத்தில் காலும் கண்ணும் களைத்துவிடும். கடைசி அறையை ஓடிக்கொண்டே பார்க்க வேண்டிவரும். முதலில் எங்கும் நிற்காமல் ஒரு சுற்று வாருங்கள். மனத்தில் நின்ற ஐந்து படங்களுக்கு மட்டும் திரும்பிப் போய் ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் கொடுங்கள்.

எண்ணெய் ஓவியத்தை முதலில் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பிறகு தரையில் போட்டிருக்கும் கோடு வரை நெருங்கி, சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். ரவி வர்மா ஓவியத்தில் தூரத்தில் சரிகையாக மின்னியது, கிட்டே வெறும் மஞ்சள் தீற்றலாகப் பிரிந்துவிடும். கண்ணாடிச் சட்டத்தில் உங்கள் முகமே தெரிந்தாலும் இப்படி ஒதுங்கி நின்றால் போதும்.

நீர்வண்ணம், பழைய ஒளிப்படம், துணி உள்ள அறைகளில் வெளிச்சத்தை 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) என்ற மங்கலான அளவுக்குத்தான் வைப்பார்கள். அதிக ஒளியில் நிறம் வெளுக்கும், வெளுத்தது திரும்பாது. உள்ளே நுழைந்து சில நிமிடம் நின்றால் கண் பழகிவிடும். ஃபிளாஷ் கூடவே கூடாது.

பிள்ளைகளை அழைத்துப் போவதென்றால், முந்தின வாரம் தருமபுரி அகழ்வைப்பகத்தில் ஒரு நடுகல்லின் முன் நிறுத்தி, வீரன் கையில் என்ன, காலடியில் என்ன என்று கேட்டு, உற்றுப் பார்க்கப் பழக்குங்கள்.