கூகுளை விலக்கிய திறன்பேசி: தேர்வும் நிறுவலும்

கூகுளின் பிடியிலிருந்து விலகிய இயங்குதளம் ஒன்றுக்கு மாற நினைப்பவர்கள், அதன் வசதிகளை ஒப்பிடுவதற்கு முன்னால், அது இன்னும் ஐந்தாண்டு தாக்குப்பிடிக்குமா என்று பார்ப்பது நல்லது. ஏறத்தாழ ஒருவரே தாங்கி நடத்திய டைவெஸ்ட்ஓஎஸ் 2024 டிசம்பரில் நின்றுபோனது. காலிக்ஸ்ஓஎஸ் 2025 ஆகஸ்டில் தன் புதுப்பிப்புகளை நிறுத்திவைத்தது. சென்னை ஐஐடியின் ஆதரவில் வளர்ந்த நிறுவனம் 2023 ஜனவரியில் அறிமுகப்படுத்திய பார்ஓஎஸ், கடும் பாதுகாப்புத் தேவையுள்ள அமைப்புகளை முன்வைத்து வந்ததே தவிர, நாமே இறக்கி நிறுவிக்கொள்ளும் வகையில் அமையவில்லை. இன்றைய நிலையில் தனிநபர் ஒருவருக்கு நான் பரிந்துரைப்பது, ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலின் மேல் கட்டப்பட்ட கிராஃபீன்ஓஎஸ்தான்.

காரணம் பூட்லோடர், அதாவது கைபேசியை இயக்கியதும் இயங்குதளத்தை ஏற்றும் நிரல். லீனியேஜ்ஓஎஸ் எத்தனையோ பழைய கைபேசிகளுக்கு உயிர் கொடுக்கிறது என்றாலும், அவற்றுள் பெரும்பாலானவற்றில் நிறுவிய பின் பூட்லோடர் திறந்தே கிடக்கிறது. தாழ்ப்பாள் இல்லாத வீட்டுக்கு இரும்புப் பெட்டி வாங்கி என்ன பயன்? கூகுளின் பிக்சல் கருவிகளிலோ, வேறொருவர் உருவாக்கிய இயங்குதளத்தை அசல் என்று அடையாளம் காட்டும் மின்னணுச் சாவியைப் பதிந்து, பூட்லோடரை மீண்டும் பூட்ட முடியும். கூகுளிடமிருந்து விலகக் கூகுளின் கைபேசியையே வாங்க வேண்டியிருப்பது வேடிக்கைதான். பிக்சல் 6-க்கு ஐந்தாண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் என்பதால் 2026 அக்டோபரோடு காலக்கெடு முடிகிறது. பிக்சல் 8-க்கு ஏழாண்டு, அதாவது 2030 அக்டோபர் வரை. விலை குறைவு என்று பழையதை வாங்க வேண்டாம்.

வாங்கும்போதே ஒன்றைச் சோதியுங்கள். அமைப்புகளில் 'பில்ட் நம்பர்' என்பதை ஏழு முறை தட்டி, திறக்கும் டெவலப்பர் பட்டியலில் 'ஓஇஎம் அன்லாக்கிங்' என்ற பொத்தான் இயங்குகிறதா என்று, இணைய இணைப்புடன் பாருங்கள். வெளிநாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பூட்டி விற்றவற்றில் அது மங்கிக் கிடக்கும்; அத்தகைய கருவியை விட்டுவிடுங்கள்.

நிறுவலுக்குக் கணினியில் குரோம், எட்ஜ் போன்ற குரோமியம் வகை உலாவியும், தரமான யுஎஸ்பி வடமும், 32 ஜிபி காலியிடமும் போதும். ஒலிக்குறைப்புப் பொத்தானை அழுத்தியபடி கைபேசியை மறுதொடக்கம் செய்து, திட்டத்தின் தளத்திலுள்ள நிறுவியோடு இணைத்து, பூட்லோடரைத் திறத்தல், இயங்குதளத்தை எழுதுதல், மீண்டும் பூட்டுதல் என்ற வரிசையில் செல்லுங்கள். திறக்கும்போதும் பூட்டும்போதும் தரவு முழுவதும் அழிந்துவிடும் என்பதால் படங்களை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் தொடக்கத்தில் மஞ்சள் எச்சரிக்கையோடு தோன்றும் நீண்ட எண்ணெழுத்துத் தொடரைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பலரும் தாண்டிப் போகும் படி இது. நிறுவப்பட்டது அசல்தான் என்பதற்கு இது நேரடியான சான்று. பின்னர் 'ஓஇஎம் அன்லாக்கிங்'கை அணைத்துவிடுங்கள்.

அடுத்து, செயலிகள். தமிழ் விசைப்பலகை ஒன்றை நிறுவும்போதே அதற்கு இணைய அனுமதியை மறுத்துவிடலாம். தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் பார்க்கிற செயலிக்கு வெளியே பேசும் வழி அடைபடுகிறது. கூகுள் பிளே தேவைப்பட்டால், சிறப்புரிமை ஏதுமற்ற சாதாரணச் செயலியாக, தனிப் பயனர் கணக்கில் நிறுவிக்கொள்ளுங்கள்.

வங்கிச் செயலிகளில்தான் சிக்கல். கூகுள் சான்றளித்த இயங்குதளமா என்று 'பிளே இன்டெக்ரிட்டி' வழியே கேட்கும் செயலி, பாதுகாப்பில் குறைவில்லாத கிராஃபீன்ஓஎஸ்ஸையும் புறந்தள்ளிவிடும். பழைய கைபேசியைத் தூக்கிப் போடும் முன் உங்கள் வங்கிச் செயலியை ஓட்டிப் பாருங்கள். இயங்கவில்லையெனில், கைபேசியின் வன்பொருளே இயங்குதளம் எது என்று உறுதிசொல்லும் சரிபார்ப்பைக் கொண்டு இவ்வியங்குதளத்தின் சாவிகளை ஏற்கும்படி வங்கிக்கு எழுதுங்கள். அதற்கான வழிமுறையைத் திட்டத்தினரே வெளியிட்டிருக்கிறார்கள். இத்தகைய இயங்குதளங்களின் எதிர்காலம் நிரலை விட இந்தச் சான்றளிப்பைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது என்பது என் கணிப்பு.

நிரல் பக்கமும் நெருக்கடி இல்லாமலில்லை. 2025 மார்ச்சில் ஆண்ட்ராய்டு உருவாக்கப் பணி முழுவதையும் கூகுள் வெளியார் பார்க்க முடியாத தன் உட்புறக் கிளைக்கு மாற்றிக்கொண்டது. ஜூனில் ஆண்ட்ராய்டு 16-இன் மூலநிரலை வெளியிட்டபோது அந்நிரலைப் பிக்சலுக்கு ஏற்ப அமைக்க உதவும் கருவிக் கோப்புகளைச் சேர்க்கவில்லை. செயலி உருவாக்குவோர் தம் அடையாளத்தைக் கூகுளிடம் பதிய வேண்டும், இல்லையேல் அச்செயலியை நிறுவ முடியாது என்ற விதியையும் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. எதிர்ப்புக்குப் பின், பதியாதோரின் செயலிகளையும் நிறுவ அனுபவமுள்ளோருக்குத் தனி வழி விடுவதாகச் சொன்னது. அவ்விதி கூகுள் சான்றுபெற்ற கருவிகளுக்கே என்பதால் கிராஃபீன்ஓஎஸ்ஸில் நேரடித் தடை வராது. ஆயினும், உங்களுக்கு இன்றியமையாத கட்டற்ற செயலிகள் எவை, அவற்றை உருவாக்குவோர் தொடர்கிறார்களா என்பதை அவ்வப்போது பார்த்துவாருங்கள்.

ஒத்துவராவிட்டால் திரும்பும் வழியும் உண்டு: பூட்லோடரைத் திறந்து, பதிந்த சாவியை முதலில் நீக்கி, அதன்பிறகே கூகுளின் அசல் கோப்பை எழுதிப் பூட்டுங்கள்.