செக் என்றால் எந்த செக்? சொல்லின் வேரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்கும் கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். அரக்குச் சிவப்பில் கடுகு மஞ்சள் கோடுகள் ஓடும் சேலையை உதறி விரித்த கடைக்காரர், "ஆச்சி, இது பெரிய செக்கு. சின்ன செக்கு வேணும்னா உள்ளே இருக்கு" என்றார். "பெரிய கட்டமே போதும்ப்பா. செக்கு வாங்கிக்குவீகளா, காசாத் தரணுமா?" என்றார் ஆச்சி. கூட வந்த பேத்தி நிமிர்ந்து பார்த்து, "ஆயா, ரெண்டு செக்கும் ஒண்ணா?" என்று கேட்டாள். "அது வேற, இது வேற" என்று கடைக்காரர் முடித்துவிட்டார்.

எல்லாரும் செய்கிற முதல் தவறு இதுதான். சேலையின் செக், வங்கியின் செக், கணக்கை செக் பண்ணுவது, பேருந்தில் ஏறும் செக்கர் எல்லாம் தற்செயலாக ஒரே மாதிரி ஒலிப்பவை அல்ல. ஒரே குடும்பத்துச் சொற்கள். அத்தனைக்கும் மூத்தவர் சதுரங்கப் பலகையில் நிற்கிற ராஜா.

பாரசீகத்தில் அரசனுக்கு 'ஷா' என்று பெயர். ஷாஜகானில் இருக்கும் அதே ஷா. ஆட்டத்தில் எதிராளியின் ராஜாவுக்கு ஆபத்து வந்தால் 'ஷா' என்று எச்சரிப்பார்கள். அந்தக் குரல் அரபு, லத்தீன் வழியாகப் பழைய பிரெஞ்சில் 'எஷெக்' ஆகி, 1300-ஐ ஒட்டி ஆங்கிலத்தில் 'செக்' ஆனது. செக் வைத்துவிட்டால் வேறு எந்தக் காயையும் இஷ்டப்படி நகர்த்த முடியாது. முதலில் ராஜாவைக் காப்பாற்ற வேண்டும். அதனால் தடுத்து நிறுத்துவது, கட்டுக்குள் வைப்பது என்ற பொருள் வந்தது. தவறு நடக்காமல் தடுக்கத்தானே சரிபார்க்கிறோம்? சரிபார்த்தல் என்ற பொருள் அப்படிப் பின்னால் வந்து ஒட்டியது. இன்று அதிகம் புழங்குவதால் அதையே மூலப்பொருள் என்று நினைப்பது இரண்டாவது தவறு.

சேலைக் கட்டம் வேறு கிளை. அது ராஜாவிடமிருந்து நேராக வராமல் பலகை வழியாக வந்தது. சதுரங்கப் பலகையின் பெயரே கட்டம் போட்ட துணிக்கும் ஆகிவந்தது. இங்கிலாந்தில் 12-ஆம் நூற்றாண்டில் அரசுக் கணக்கு பார்த்த மேசையின் அளவு 10 அடிக்கு 5 அடி. அதன்மேல் கோடுகள் போட்ட துணியை விரித்து, வில்லைகளை வைத்துக் கூட்டினார்கள். சதுரங்கப் பலகை மாதிரி இருந்ததால் அந்தக் கருவூலத்துக்கே 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் நிலைத்தது. பிரிட்டனின் நிதியமைச்சர் பதவிப் பெயரில் இன்றும் அந்தத் துணி ஒளிந்திருக்கிறது. கட்டத் துணியில் கணக்கா என்று வியப்பவர்கள் உண்டு. கணக்குப்பிள்ளைகள் நிறைந்த நம் செட்டிநாட்டில் அதைப் புரிந்துகொள்வது கடினமா என்ன?

இன்னொரு தவறை நம் ஊர்ப் பெருமையில் செய்கிறோம். சதுரங்கம்தான் 'செஸ்' ஆனது என்கிறோம். ஆட்டம் இங்கிருந்து போனது. பெயர் அப்படிப் போகவில்லை. சதுரங்கம் பாரசீகத்தில் 'சத்ரங்', அரபில் 'ஷத்ரஞ்ச்', ஸ்பானிய மொழியில் 'அஹெத்ரேஸ்' ஆனது. செஸ் என்பதோ அதே 'எஷெக்' என்ற சொல்லின் பன்மை. 'செக்மேட்' பற்றியும் ஒரு கதை உண்டு: 'ஷா மாத்' என்றால் ராஜா செத்தார் என்பார்கள். அரபில் மாத் என்றால் செத்தான் என்று பொருள். குழப்பம் அங்கே வந்தது. பாரசீகத்தில் வழியற்று நிற்பது, தோற்றுப்போவது என்றுதான் பொருள். ஆட்டத்திலும் ராஜாவை யாரும் வெட்டுவதில்லை, கவனித்திருப்பீர்கள்.

அப்புறம், ஒலி ஒத்துப்போனால் உறவு என்று நம்புவது. எண்ணெய் ஆட்டும் செக்கு நம் சொந்தச் சொல். இந்தக் குடும்பத்தோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. செக் குடியரசின் செக்கும் ஸ்லாவிய இனப்பெயர், அதுவும் வேறு.

எழுதும்போது எல்லா இடத்திலும் செக் என்று போடாதீர்கள். அந்த ஆச்சி 'கட்டம்' என்றார் பாருங்கள், அதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. காசோலை, சரிபார்த்தல், சோதனைச் சாவடி என்று ஆளுக்கொரு சொல் தமிழில் இருக்கிறது. ஒரே சொல் பல வேலை செய்வது நமக்கும் புதிதில்லை. கோயிலில் காசு போடுவதும் உண்டியல்தான். பர்மாவில் தொழில் செய்த நகரத்தார் பணம் மாற்ற எழுதிக்கொடுத்த சீட்டும் உண்டியல்தான்.

வங்கி செக்குக்கு வருகிறேன். சேலையை மடித்துக் கொடுத்ததும் ஆச்சி பையிலிருந்து செக் புத்தகத்தை எடுத்தார். முதலில் இடது ஓரத்து அடிக்கட்டையில் தேதி, தொகை, கடையின் பெயர் எழுதினார். பிறகுதான் பெரிய தாளை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கிழித்தார். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் 'செக்' என்று அழைத்தது அந்தப் பெரிய தாளை அல்ல. மோசடியைத் தடுக்கவும் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்குத்தான் அந்தப் பெயர். கடைக்காரர் கைக்குப் போன தாளுக்கு அந்தப் பெயர் பிற்பாடு ஏறிக்கொண்டது. பழைய செக் ஆச்சியின் பைக்குள்ளேயே வீட்டுக்குப் போனது.